பிள்ளை வாய்க்குப் போகும் மல்லாட்டை

(திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், கடலை அறுவடைக்குப் பின், விவசாயத் தொழிலாளர் குடும்பப் பெண்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வேலை முடிந்து, அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்று பேசப் போவது மல்லாட்டையைப் பற்றி. அதிலும், சோறூட்டத் தொடங்கிய பிள்ளைக்கும், தவழுகிற பிள்ளைக்கும், அங்கன்வாடிக்குப் போகிற பிள்ளைக்கும் நாம் கொடுக்கிற மல்லாட்டையைப் பற்றி. "இது கூலிப் பேச்சு இல்லையே" என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பொறுங்கள், கூலியும் வரும்.

மல்லாட்டையைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்ல நமக்குத் தகுதி கிடையாது. விதைத்தவர்கள் நீங்கள். களை எடுத்தவர்கள் நீங்கள். பிடுங்கி, காய் ஆய்ந்து, உலர்த்தி, உடைத்துக் கொடுத்தவர்களும் நீங்கள்தான். நாம் படித்ததோ பத்தாம் வகுப்பு. டாக்டர்களிடமும் விவசாயம் படித்தவர்களிடமும் கேட்டும், அவர்கள் கொடுத்த அறிக்கைகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை, உங்களுக்குத் தெரிந்ததோடு சேர்த்து வைத்துப் பார்க்கவே வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு பிடி வறுத்த கடலையை மென்றுகொண்டே நடக்கிறீர்கள். நடுவில் ஒரு கொட்டை கசக்கிறது. என்ன செய்வீர்கள்? 'தூ' என்று துப்புவீர்கள். "கசந்தால் முழுங்காதே, துப்பு" என்பது சின்ன வயதில் நம் எல்லோருக்கும் ஆயா சொல்லிக் கொடுத்த பாடம். நல்ல பாடம். அந்தக் கசப்புக் கொட்டை பெரும்பாலும் பூசணம் பிடித்ததாகவோ, சொத்தையாகவோ, சிக்குப் பிடித்ததாகவோதான் இருக்கும்.

இப்போது இரண்டாவது கேள்வி. அதே கொட்டையை மற்றக் கொட்டைகளோடு வறுத்து, கேழ்வரகும் பொட்டுக்கடலையும் சேர்த்து மாவாக அரைத்து, வெல்லம் போட்டுக் கஞ்சி காய்ச்சி, எட்டு மாதப் பிள்ளைக்கு ஊட்டுகிறோம். அந்தப் பிள்ளை எதைத் துப்பும்? கசப்பு மாவில் கரைந்துவிட்டது. மீதியை வெல்லம் மறைத்துவிட்டது. பெரியவன் வாயில் ஒரு காவல்காரன் இருக்கிறான். பிள்ளையின் வாயில் அந்தக் காவலை நாமே எடுத்துவிட்டோம்; அதுவும் சத்து சேரட்டும் என்ற நல்ல எண்ணத்தில்! கடலை உருண்டையும், சட்னியும், பொடியும் இதே கதைதான். பிள்ளைகளுக்குக் கொடுப்பதெல்லாம் அரைத்ததும் இடித்ததும்தானே? அரைத்த பிறகு சொத்தை எது, நல்லது எது என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

அந்தக் கசப்பில் என்ன இருக்கிறது?

கடலையிலும் மக்காச்சோளத்திலும் கொப்பரையிலும் மிளகாய் வற்றலிலும் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒரு பூசணம் பூக்கிறது. மண்ணிலேயே இருக்கிற பூசணம்தான். அது ஒரு விஷத்தை உண்டாக்குகிறது. அதன் பெயர் அப்ளாடாக்சின். பெயர் வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை; பூசண விஷம் என்றே சொல்லுவோம்.

இதை உலகம் கண்டுபிடித்த கதையும் மல்லாட்டைக் கதைதான். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தன. என்ன நோய் என்று தெரியாமல் விழித்தார்கள். கடைசியில், பிரேசில் நாட்டிலிருந்து தீவனத்துக்காக வந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த விஷம் இருந்தது தெரிந்தது. பணக்கார நாட்டில் பண்ணை முதலாளியின் கோழி செத்ததால் உலகமே ஆராய்ச்சி செய்தது என்று ஒரு தோழர் கேலியாகச் சொன்னார். கேலிதான்; ஆனாலும் அந்த ஆராய்ச்சியால் நமக்கும் லாபம் உண்டு.

நம் நாட்டில் கோழியோடு நிற்கவில்லை. 1974-ஆம் ஆண்டு ராஜஸ்தானின் பன்ஸ்வாடா பகுதியிலும் குஜராத்தின் பஞ்சமகால் பகுதியிலும் அறுவடை சமயத்தில் காலம் தப்பி மழை கொட்டியது. மக்காச்சோளம் நனைந்து பூசணம் பூத்தது. அங்கே இருப்பவர்கள் பில் என்னும் ஆதிவாசி மக்கள். வேறு தானியம் வாங்கச் சக்தியில்லாத ஏழைகள். நனைந்ததையே தின்றார்கள். மஞ்சள் காமாலை கண்டது, வயிற்றில் நீர் கோத்தது. அந்த வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1975-இல் எழுதிய அறிக்கைப்படி 397 பேர் நோயில் விழுந்தார்கள், 106 பேர் இறந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது நமக்குப் பக்கத்தில், மைசூரில் நடந்தது. 1971-இல் ஒரு மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. புரதச் சத்துக் குறைந்து கைகால் வீங்கிக் கிடந்த சுமார் 20 குழந்தைகளுக்கு, உடம்பு தேறட்டும் என்று கடலை மாவு கொடுத்தார்கள். அந்த மாவில் பூசண விஷம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. குழந்தைகளின் ஈரல் கெட்டது. மருந்தாகக் கொடுத்த சத்தே விஷமாயிற்று. கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. நாமும் நம் பிள்ளைக்குக் கெட்ட எண்ணத்தில் ஊட்டவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறோம்.

பன்ஸ்வாடாவில் நடந்ததுபோல் ஒரே மாதத்தில் ஆளைச் சாய்ப்பது அபூர்வம். நம் வீடுகளில் நடப்பது வேறு: கொஞ்சம் கொஞ்சமாக, தினம் தினம். பல ஆண்டுகள் உடம்பில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதியாகச் சொல்லிவிட்டது. மஞ்சள் காமாலை பி என்ற கிருமி உடம்பில் இருப்பவருக்கு இந்த விஷமும் சேர்ந்தால் அபாயம் பல மடங்கு. ஆகையால் பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் போடும் அந்தத் தடுப்பு ஊசியை எந்தத் தாயும் விட்டுவிடக் கூடாது. அது இலவசம்.

பிள்ளைகளுக்கு வேறொரு கேடும் உண்டு என்று தெரிகிறது. ஆப்பிரிக்காவில் பெனின், டோகோ என்ற இரு நாடுகளில், ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள 480 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2002-இல் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்கு 99 குழந்தைகளின் ரத்தத்தில் இந்த விஷத்தின் அடையாளம் இருந்தது. வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளின் ரத்தத்தில் அது அதிகமாக இருந்தது. பிறகு பெனினில் 200 குழந்தைகளை எட்டு மாதம் தொடர்ந்து அளந்தார்கள். விஷம் அதிகமாக ஏறிய பிள்ளைகள், குறைவாக ஏறிய பிள்ளைகளைவிட 1.7 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்திருந்தார்கள். எட்டே மாதத்தில்! பிள்ளை வளராததற்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அரைவயிறும் வயிற்றுப்போக்கும் கெட்ட தண்ணீரும் முதல் காரணங்கள். ஆனால் அரைவயிற்றுக்குக் கிடைப்பதிலும் விஷம் கலந்திருந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பெரியவர்களைவிடப் பிள்ளைக்கு ஏன் அதிக ஆபத்து? கணக்குப் பாருங்கள். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளை 30 கிராம் கடலை தின்பதும், 50 கிலோ எடையுள்ள நாம் 150 கிராம் தின்பதும் உடம்புக்கு ஒன்றே. ஒரே உருண்டையை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்றாலும், பிள்ளைக்கு ஐந்து மடங்கு.

"கொதிக்க வைத்தால் போகாதா, தோழரே?" என்று கேட்பீர்கள். போகாது. பூசணம் சாகும்; அது கக்கிய விஷம் சாகாது. வறுத்தால் ஒரு பங்கு குறையும், முழுக்கப் போகாது. கழுவினாலும் வெயிலில் போட்டாலும் உள்ளே ஊறியது வெளியே வராது.

நாம் வாங்கிக்கட்டிக்கொண்ட ஒரு கூட்டம்

சில வருஷங்களுக்கு முன் இதே மாவட்டத்தில் வேறொரு ஊரில் இதே விஷயத்தைப் பேசினோம். துண்டுப் பிரசுரம் அச்சடித்துக்கொண்டு போனோம். "பூசணம் பிடித்த கடலையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். நன்றாகப் பேசிவிட்டதாக நமக்கு நினைப்பு. கடைசியில் ஒரு ஆயா எழுந்தாள்.

"தம்பி, நல்ல காயெல்லாம் மூட்டை கட்டி மண்டிக்குப் போவுது. காய் ஆய்ஞ்ச கூலிக்கு எனக்கு அளந்து போடறது அடியில கெடக்கிற நனைஞ்ச காய். பிடுங்கின கொல்லியில மண்ணத் தோண்டிப் பொறுக்கறேனே, அது பத்து நாளு மண்ணுல ஊறின காய். இதையும் கொட்டிட்டு எம் பேரனுக்கு எதைத் தர்றது? உன் நோட்டீஸையா?"

கூட்டம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பதிலும் வரவில்லை. பிரசுரக் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

அந்த ஆயா சொன்னதில் விஞ்ஞானமும் இருந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். இந்தப் பூசணம் எந்தக் காயைப் பிடிக்கிறது? ஓடு வெடித்த காயை. பூச்சி துளைத்த காயை. மண்வெட்டி பட்ட காயை. முற்றும் சமயத்தில் மழையில்லாமல் வாடிய செடியின் சுருங்கிய காயை. பிடுங்கிய பின் ஈரத்தோடு கிடந்த காயை. அதாவது எவையெல்லாம் விலை போகாதோ அவையே. விலை போகாதது எங்கே போகிறது? கூலிக்காரன் வீட்டுக்கு. ஐரோப்பிய நாடுகள் நேரே உண்ணும் கடலையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த விஷம் இருந்தால் ஏற்பதில்லை. நம் நாட்டுச் சட்டத்தில், பதப்படுத்தப் போகும் கடலைக்கு 15 மைக்ரோகிராம் வரை இடம் உண்டு. 15 மைக்ரோகிராம் என்றால் ஒரு டன் கடலையில் 15 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்புக்கும் எத்தனையோ குறைவு. அவ்வளவு சிறிய அளவுக்கே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால் விஷத்தின் கடுமையை யோசித்துப் பாருங்கள். சட்டம் மண்டியில் நிற்கும் மூட்டைக்குப் பொருந்தும். ஆயாவின் மடியில் உள்ள காயை எந்த அதிகாரி சோதிக்கிறான்?

ஆனால் ஆயாவுக்குச் சொல்லப் பதில் இல்லாமலில்லை. அந்தப் பதில் இதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மில்லில் தெரிந்த கை

கடலை உடைக்கும் மில்லில் பொறுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள். எட்டுப் பேர்... ஒன்பது. சரி, உங்களுக்கு அங்கே என்ன வேலை? பருப்பைப் பரப்பி வைத்து, சுருங்கியது, நிறம் மாறியது, கறுத்தது, தோல் உரிந்து முளை விட்டது, பூச்சி அரித்தது, இவற்றைத் தனியே எடுப்பது. உங்கள் விரல் யோசிக்காமலே எடுத்துவிடும். அந்தப் பருப்பு கப்பலேறுகிறது. யாரோ முகம் தெரியாத பிள்ளை தின்கிறது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். நமக்கு அதன்மேல் பொறாமை இல்லை. ஆனால் அதே கை சாயந்திரம் வீட்டுக்கு வந்து, பொறுக்காத கடலையை அப்படியே சட்டியில் போட்டு வறுக்கிறதே, ஏன்? மில்லில் பொறுக்கினால் கூலி உண்டு. வீட்டில் பொறுக்கினால் என்ன உண்டு என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் காரணம்.

இந்த விஷம் எல்லாக் கொட்டையிலும் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஒரு படிக் கடலையில் மிகப் பெரும்பாலானவை சுத்தமாகவே இருக்கும். ஏதோ சில கொட்டைகளில் மட்டும் விஷம் குவிந்து கிடக்கும். ஒரே ஒரு கெட்ட கொட்டை ஒரு பிடி மாவையே கெடுத்துவிடும். இது கெட்ட செய்தியா, நல்ல செய்தியா? நல்ல செய்தி. அந்தச் சிலவற்றை எடுத்துவிட்டால் பெரும்பங்கு விஷம் போய்விடுகிறது. ஆயாவிடம் நாம் "கொட்டிவிடு" என்று சொல்லியிருக்கக் கூடாது. "பொறுக்கி எடு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு படியில் ஒரு பிடிதான் கழியும். மீதி பேரனுக்கு.

எல்லாக் கெட்டதும் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டோம். பார்க்க அழகாக இருக்கிற சில கொட்டையிலும் விஷம் இருக்கலாம். பொறுக்கினால் வெகுவாகக் குறையும், ஒரேயடியாகப் போய்விடாது. அதனால்தான் பொறுக்குவதோடு நிற்காமல், உலர்த்துவதையும் வைத்திருப்பதையும் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எப்படிப் பொறுக்குவது என்று மில் தோழர்கள் பிறகு காட்டுவார்கள். நாம் இரண்டு விஷயத்தை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம். ஒன்று, அரைப்பதற்கு முன் பொறுக்க வேண்டும். வறுத்த பின் தோல் நீக்கி, பருப்பை இரண்டாகப் பிளந்து ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லது. வெளியே நன்றாக இருந்து உள்ளே பூசணம் பூத்தது அப்போது தெரியும். பிள்ளைக்கு மாவு அரைக்கும்போதாவது இதைச் செய்யுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று உடைசல் பருப்பையும், அரைத்து வைத்த பொடியையும் பிள்ளைக்கு வாங்காதீர்கள். இரண்டாவது, கழித்ததை என்ன செய்வது என்பது. இதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். "சரி, கோழிக்குப் போடு" என்கிறோம். ஒரு லட்சம் வான்கோழி கதையை மறந்துவிட்டோமா? "மாட்டுக்கு வை" என்கிறோம். மாடு தின்றால் விஷம் பாலில் வருகிறது; அந்தப் பாலை யார் குடிக்கிறார்கள்? "செக்குக்குப் போடு" என்கிறோம். செக்கில் ஆட்டினால் பெரும்பங்கு விஷம் பிண்ணாக்கில் தங்கும், மாடு தின்னும். எண்ணெயிலும் கொஞ்சம் வரும். ஆகவே கழித்ததை அடுப்பில் போட வேண்டும், அல்லது புதைக்க வேண்டும். ஒரு பிடிதானே என்று மனசு கேட்காது. அந்த ஒரு பிடியில்தான் எல்லாம் இருக்கிறது.

பால் விஷயம் கற்பனை அல்ல. மத்திய சர்க்காரின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் இந்த விஷம் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. அதில் அதிகமானவை நம் தமிழ்நாட்டில்: 551-இல் 88. தண்ணீர் கலந்ததா என்று பாலைப் பார்க்கிறோமே தவிர, மாடு என்ன பிண்ணாக்குத் தின்றது என்று யார் பார்க்கிறோம்? கட்டிக் கட்டியாகப் பூசணம் பூத்த பிண்ணாக்கை ஊறவைத்தால் வாசனைதான் போகும்.

தாய்ப்பாலைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் தின்பது தாய்ப்பாலிலும் கொஞ்சம் வரும். இதைக் கேட்டு யாரும் பாலை நிறுத்திவிடாதீர்கள்! தாய்ப்பாலில் வருவது மிகச் சொற்பம். கஞ்சி மாவில் வருவது அதைவிட எவ்வளவோ அதிகம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிற தாய், பிள்ளையை இந்த விஷத்திலிருந்தும் காப்பாற்றுகிறாள். அதுபோலவே கடலையையும் நிறுத்திவிடாதீர்கள். நமக்குக் கட்டுப்படியாகிற சத்து அதுதான். ஆனால் தினமும் அதே கடலை மாவு என்று இல்லாமல், ஒருநாள் பயறு, ஒருநாள் கேழ்வரகு, கிடைத்தால் முட்டை, கீரை என்று மாற்றிக் கொடுங்கள்.

ஈரம்

ஐப்பசி மழையைப் பற்றி நாம் சொல்ல வேண்டாம். மானாவாரிக் கடலை முற்றுவதும் மழை பிடிப்பதும் ஒன்றாக வருகிறது. பிடுங்கும்போது காயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரம். பருப்பில் ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்குக்குக் கீழே இறங்கினால்தான் பூசணம் அடங்கும். அந்த இடைவெளியில்தான் எல்லாக் கேடும். ஈரச் செடியைப் போராகக் குவித்தால் உள்ளே புழுங்கி மூன்று நாளில் பூசணம் பிடிக்கும். குவிக்காமல், காய் மேலே பார்க்கும்படி திருப்பிப் போட வேண்டும். வெறும் மண்ணில் காய வைக்காமல் தார்ப்பாயிலோ பாயிலோ சிமெண்டுக் களத்திலோ மெல்லிசாகப் பரப்பி, மாலையில் பனி இறங்குமுன் மூட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க மிஷின் வேண்டாம். காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும்.

வைத்திருப்பதும் அப்படித்தான். யூரியா சாக்கில் கட்டினால் காற்று போகாமல் வியர்க்கும், கோணியில் கட்டுங்கள். தரையில் வைக்காமல் இரண்டு கட்டைமேல் வையுங்கள். ஓட்டோடு வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு உடையுங்கள்; ஓடுதான் அதற்குக் கவசம். சுலபமாக உடைய வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பது வேண்டவே வேண்டாம். மிஷினில் உடைக்கும்போது பருப்பு நொறுங்காமலிருக்கத் தண்ணீர் தெளிக்கிற இடங்களை நாம் பார்த்திருக்கிறோம். எடை கூடுகிறதென்று வியாபாரிக்குக் கசக்காது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா? இல்லை. ஆப்பிரிக்காவில் கினி நாட்டில், கிண்டியா என்ற பகுதியில், நம்மைப் போலவே மல்லாட்டை பயிரிடுகிற 20 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். பத்துக் கிராமத்துக் குடும்பங்களுக்குக் கெட்டதைக் கையால் பொறுக்கவும், பாயில் உலர்த்தவும், நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்கவும், சணல் சாக்கில் கட்டி மரக்கட்டைமேல் வைக்கவும் சொல்லிக் கொடுத்து, அதற்கு வேண்டிய சாமான்களையும் கொடுத்தார்கள். மற்றப் பத்துக் கிராமங்கள் வழக்கம்போல் இருந்தன. மொத்தம் 600 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அறுவடையாகி ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால், சொல்லிக் கொடுத்த கிராமங்களில் விஷத்தின் அடையாளம் மற்றக் கிராமங்களில் இருந்ததில் பாதிக்கும் குறைவு. 2005-இல் வெளியான முடிவு இது. புது மருந்து இல்லை, பெரிய மிஷின் இல்லை. பாயும் கோணியும் கட்டையும் கையும்தான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அங்கே சொல்லிக் கொடுத்ததோடு விடவில்லை. பாயும் சாக்கும் கட்டையும் கொடுத்தார்கள். மண் தரையும் ஒழுகும் கூரையும் உள்ள குடும்பத்திடம், "உலர்வாக வை" என்று உபதேசம் மட்டும் செய்தால் அது நாம் அன்று கொண்டுபோன நோட்டீஸ் மாதிரிதான். ஆகவே தாய்மார்கள் வீட்டில் செய்வது ஒன்று, சங்கம் வெளியே செய்வது ஒன்று. காய் ஆய்கிற கூலி பணமாக வேண்டும். காயாக அளப்பதானால் மூட்டைக்குப் போகிற அதே உலர்ந்த காயை அளக்க வேண்டும். ஊருக்கு ஒரு சிமெண்டுக் களமும், மழைக்காலத்தில் கூலிக்காரரும் சிறு விவசாயியும் வாங்கிப் பயன்படுத்தத் தார்ப்பாயும் பஞ்சாயத்து தர வேண்டும். அங்கன்வாடிக்கு வரும் மாவையும், கடையில் விற்கும் பிண்ணாக்கையும் சோதிக்க வேண்டும். சோதித்த முடிவை ஊரறியச் சொல்ல வேண்டும். இந்த நான்கையும் மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். படித்துக் காட்டுகிறோம், சரியில்லையென்றால் திருத்துங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. போன கூட்டத்தில் சொன்னபடி ஆளுக்கு ஒரு படி கடலை கொண்டுவந்திருக்கிறீர்கள். மில்லில் வேலை செய்கிற ஒன்பது பேரும் முன்னால் வாருங்கள். ஒவ்வொருவரைச் சுற்றியும் நாலைந்து பேர் உட்காருங்கள். ஆண் தோழர்களும் உட்கார வேண்டும். வீட்டில் பொறுக்குவது பெண்பிள்ளை வேலை என்று நழுவக் கூடாது. எடுக்கிற ஒவ்வொரு கொட்டையையும் ஏன் எடுத்தீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கழிந்ததை எல்லாம் இந்தத் தட்டில் போடுங்கள். ஊர் முழுவதற்கும் எவ்வளவு கழிந்தது என்று அளந்து பார்த்துவிடலாம். லைட்டைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டுங்கள் தம்பி, கறுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆயா, அந்த முறத்தை இப்படித் தள்ளுங்கள்.